எண்ணெய் இறங்கிய வளவு: தோண்டி அள்ளாமல் மண்ணையும் கிணற்றையும் மீட்பது எப்படி

"தம்பி, இரண்டு நாள் மோட்டர் போட்டு இறைச்சு ஊத்தினனாங்கள். பிறகும் உந்தப் படலம் வந்து நிக்குது."

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஒரு வளவு. பக்கத்துக் காணியில் முன்பு ஒரு வாகனக் கராஜ் இருந்தது. கிணற்றுக்கட்டில் கையூன்றியபடி அந்த அம்மா உள்ளே காட்டினார். நீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு தகடு அசைந்துகொண்டிருந்தது.

"இறைச்ச தண்ணியை எங்கை ஊத்தினீங்கள், அம்மா?"

"உதிலை, வாழைக்குத்தான்."

வாழை நின்றது கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில். செம்பாட்டு மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. வாழைக்கு ஊற்றிய எண்ணெய் நீர் திரும்பவும் கிணற்றுக்கே இறங்கியிருந்தது, போகும் வழியில் மண்ணிலும் பூசிக்கொண்டு. அதோடு கிணற்று நீர் இலேசாகக் கரிக்கவும் தொடங்கியிருந்தது. ஒரு பிரச்சினை இரண்டாகிவிட்டது.

கிணற்றில் பூனை விழுந்தால் இறைப்போம், வெள்ளம் புகுந்தால் இறைப்போம், வருடத்துக்கு ஒருமுறை கலக்கி இறைத்துச் சேறு அள்ளுவோம். கிருமிக்கும் சேற்றுக்கும் அது நல்ல பழக்கம். டீசலுக்கும் கழிவு ஒயிலுக்கும் அது உதவாது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். சனசமூக நிலையத்தில் பொறுப்பெடுத்த இளைஞர், பிரதேச சபையில் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், பழைய கராஜ் காணியை வாங்கிவிட்டுத் தவிப்பவர் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன். மாசுபட்ட மண்ணை முழுதாகத் தோண்டி ஏற்றாமல், நீரை முழுதாக இறைத்து ஊற்றாமல், இருக்கும் இடத்திலேயே சுத்தமாக்குவதற்கு முறைகள் உண்டு. ஆனால் வேறு நாட்டு மண்ணுக்கு எழுதிய முறையை அப்படியே எடுத்துவந்து எங்கள் சுண்ணாம்புக்கல்லில் செய்ய முடியாது.

நிலத்துக்குக் கீழே

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பது பெரும்பாலும், மழையாக விழுந்து மண்ணுக்குள்ளால் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பிலும் குகையிலும் தங்கிய நீர். கல் கரையக்கூடியது. நீர் போய்ப்போய் வழி பெருத்திருக்கும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரையும் கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலையும் அந்தக் கரைந்த கல்லின் வாசல்கள். மணல் நிலத்தில் நாளுக்குச் சில அங்குலம் நகரும் மாசு, இப்படிப்பட்ட கல்லில் ஒரு வெடிப்பைப் பிடித்தால் மளமளவென்று அடுத்த குறிச்சிக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக் கிணறு தெளிவாக இருக்க, மூன்றாம் ஒழுங்கைக் கிணற்றில் மணம் வருவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் நன்னீர், கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் நூறு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்தும் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: கடுமையாக இறைத்து மேலே கால் மீற்றர் இறக்கினால், கீழே உப்பு 10 மீற்றர் ஏறப் பார்க்கும். வெளிநாடுகளில் வழக்கமான 'இறைத்துச் சுத்திகரிக்கும்' முறையை இங்கே கண்மூடிச் செய்யக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சுன்னாகத்தில் நடந்ததை எல்லோரும் அறிவோம். மின் நிலையத்தை அண்டிய கிராமங்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பற்றிய வழக்கு 2015 இல் உச்ச நீதிமன்றம் போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில் 2 கோடி ரூபா நட்டஈடு விதிக்கப்பட்டது. நீதிமன்றம் நட்டஈடு வாங்கித் தரலாம். கல்லிடுக்கில் ஒட்டிய எண்ணெயை எடுக்கும் வேலை அதற்குப் பிறகும் கிடக்கும்.

முதல் நாள்

அந்தக் கிணற்றிலிருந்து குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது பிழை. கொதி கிருமியைக் கொல்லும், எண்ணெயை அகற்றாது. அதிலுள்ள இலேசான பகுதி ஆவியாகிக் குசினிக்குள் பரவும். குளோரின் போடுவதும் அப்படியே, எண்ணெய்க்கு அது மருந்தில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்து, பவுசர் தண்ணீர் கேளுங்கள். எழுத்தில் கொடுப்பது முக்கியம். நாளைக்கு எவர் பொறுப்பு என்ற கேள்வி வரும்போது அந்தத் திகதி பேசும்.

ஒருவரையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கிணற்றின் அடியில் தேங்கும். மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகையே ஆளைச் சாய்க்கும். தீக்குச்சியும் சிகரெட்டும் கிட்ட வரக்கூடாது.

படலம் எல்லாம் எண்ணெய் என்றும் பதற வேண்டாம். இரும்புச்சத்துள்ள நீரில் பற்றீரியாவும் அதே வானவில் நிறப் படலத்தை உண்டாக்கும். வாளியில் கொஞ்சம் அள்ளி, ஒரு ஈர்க்கால் படலத்தின் நடுவே கோடு இழுங்கள். பற்றீரியாப் படலம் உடைந்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். எண்ணெய்ப் படலம் ஈர்க்கு போன பின்னால் மெல்ல ஓடிவந்து மூடிக்கொள்ளும். ஆய்வுகூடத்துக்கு இது ஈடில்லை. ஆனால் நடுச்சாமத்தில் மனப்பயத்தோடு வந்து கதவு தட்டும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு பதில் சொல்லப் போதும்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சுற்றுவட்டத்தில் ஒரு பத்துக் கிணறு, அளவு நாடா, மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான நீர்க்குழாய், ஒரு கொப்பி.

விடியப்புறம் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், தோட்டக்காரர் இறைக்கத் தொடங்கமுன், ஒவ்வொரு கிணற்றிலும் கட்டின் விளிம்பிலிருந்து நீர்வரை அளந்து எழுதுங்கள். ஒருவர் மோட்டர் போட்டாலே சுற்றியுள்ள அளவெல்லாம் குழம்பும். பிறகு பகலில் குழாயால் மட்டம் எடுத்து, எல்லா விளிம்புகளின் உயரத்தையும் ஒரே பொது மட்டத்தோடு ஒப்பிடுங்கள். விளிம்பின் உயரத்திலிருந்து நீர்வரையுள்ள ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் வரும். முக்கோணமாக அமைந்த மூன்று கிணறு இருந்தால் நீர் எந்தத் திசைக்குச் சரிகிறது என்று தாளில் கோடு போடலாம்.

அந்தக் கோட்டை முழுக்க நம்பிவிடாதீர்கள். குகை வழி கோட்டைக் கேட்டுப் போவதில்லை. எனவே வயதானவர்களிடம் விசாரியுங்கள்: எந்தக் கிணற்றில் இறைத்தால் எந்தக் கிணறு இறங்கும், மழை வெள்ளம் எந்தப் பள்ளத்தில் சட்டென்று மறையும், எந்த வயலில் நிலம் இடிந்தது. எழுபது வயதுத் தோட்டக்காரர் ஒருவர் காட்டும் இடிந்த பள்ளம், நீங்கள் வரைந்த கோட்டைவிட அதிகம் சொல்லும்.

புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை என்று இரண்டு காலத்திலும் அளவு எடுக்க வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். நீரில் மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, இடைப்பட்ட கல்லிலும் மண்ணிலும் பூசிக்கொள்ளும். கோடையில் சுத்தமாகத் தெரியும் கிணற்றில் மழைக்குப் பின் படலம் திரும்புவது புதிதாக யாரோ ஊற்றியதால் என்று எண்ணிச் சண்டை பிடித்த ஊர்களும் உண்டு. பெரும்பாலும் அது பழைய பூச்சுத்தான்.

மாதிரி எடுத்தல்

எண்ணெய் பார்க்க வேண்டுமானால் கண்ணாடிப் போத்தல். பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டும், பிளாஸ்ரிக்கிலிருந்தும் பொருள் கரையும். ஆய்வுகூடம் தரும் போத்தலைக் கிணற்று நீரால் அலசவும் வேண்டாம், ஏனென்றால் உள்ளே பாதுகாப்புக்கு அமிலம் இட்டிருப்பார்கள். அலசினால் அது போய்விடும், எண்ணெயும் சுவரில் ஒட்டும். பென்சீன் போன்ற ஆவியாகும் பொருளுக்குச் சின்னக் குப்பி. காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாக்கிப் பாருங்கள். குமிழி ஏறினால் திரும்ப எடுக்க வேண்டும். எல்லாம் ஐஸ் பெட்டிக்குள், அன்றே அனுப்புங்கள்.

என்னென்ன சோதிப்பது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். எண்ணெய் இருக்கா இல்லையா என்று மட்டும் கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும். டீசலா, பெற்றோலா, கழிவு ஒயிலா என்பதில்தான் பிறகு செய்யும் வேலை தங்கியிருக்கிறது. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். இது கண்ணுக்கும் தெரியாது, மணத்திலும் பிடிபடாது. "மணம் போயிட்டுது, இனிக் குடிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாசின் ஊற்றுக்கண்ணை அடைத்தல்

சுத்திகரிப்புத் தோற்றுப்போன இடங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காரணம் ஒன்றுதான்: மாசு வந்துகொண்டே இருக்கிறது. புதைத்த பழைய தாங்கி, ஒயில் மாற்றும் குழி, தகரக்கொட்டிலின் பின்னால் கவிழ்ந்த பீப்பாய், வடிகாலாக ஆக்கிக்கொண்ட ஒரு கல்வெடிப்பு. இதைத் தேடி அடைக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். குழியில் தேங்கிய சேறும் கறுப்பாகக் குழைந்த மண்ணும் மட்டும் தோண்டி எடுக்க வேண்டியவை. இடத்திலேயே சுத்தமாக்கும் முறைகளுக்கு அவ்வளவு செறிவு தாங்காது. அதை அபாயகரக் கழிவு கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி உள்ளவரிடமே கொடுக்க வேண்டும். ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்பக் கொடுத்தால் அடுத்த மழைக்கு அது இன்னொருவர் கிணற்றில்.

மிச்ச மண்ணின் மேல் ஐப்பசிக்கு முன் தறப்பாள் போட்டு, சுற்றிவர வரம்பு கட்டி, மழைநீரை வெளியே திருப்பிவிடுங்கள். செலவு குறைந்த வேலை, ஆனால் இதைப்போல் பலன் தருவது குறைவு.

மிதப்பதை மட்டும் எடுத்தல்

கிணற்றில் அல்லது கண்காணிப்புத் துளையில் (நீரைச் சோதிக்கவென்று போட்ட குழாய்த்துளை) எண்ணெய் தடிப்பாக மிதந்தால், அதை மட்டும் எடுக்கும் மிதவை, அல்லது எண்ணெயைக் குடித்து நீரைக் குடிக்காத உறிஞ்சு பட்டைகள் பயன்படும். கீழ்முனையில் அடைப்பிதழ் உள்ள தெளிவான குழாயை நூலில் கட்டி மெதுவாக இறக்கித் தூக்கினால், உள்ளே நீர் வெளுப்பாயும் மேலே ஒயில் தேயிலைச் சாயம் போலவும் இரண்டு தட்டாக நிற்கும். அடிமட்டத்தை வைத்துத் தடிப்பை அளந்து எழுதலாம். கிழமைக்கு ஒருமுறை எடுங்கள். நீர்மட்டத்தை இறக்குமளவுக்கு இறைக்க வேண்டாம். எண்ணெய் கீழே இறங்கி இன்னும் ஆழமான கல்லில் பூசும், அடியிலிருந்து உப்பும் ஏறும்.

மண்ணுக்கு மூச்சு

இந்த முழு வேலையிலும் எங்களுக்கு மிகவும் கைகொடுக்கக்கூடியது இந்தப் பகுதி. எண்ணெயைத் தின்னும் பற்றீரியா நிலத்தில் ஏற்கனவே இருக்கிறது. விலைகொடுத்து வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. வருடம் முழுக்க இங்கே மண் சூடாக இருப்பதால் குளிர்நாட்டைவிட அது வேகமாக வேலை செய்யும். அதற்கு இல்லாதது ஒட்சிசன்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1 கிலோ டீசலைப் பற்றீரியா முழுதாக எரித்து முடிக்க ஏறக்குறைய 3.5 கிலோ ஒட்சிசன் வேண்டும். எங்கள் வெப்பநிலையில் 1 லீற்றர் நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் 8 மில்லிகிராம் அளவில்தான். அதாவது அந்த ஒரு கிலோ டீசலுக்கு, காற்றூட்டிய நீர் நாலு இலட்சம் லீற்றருக்கும் மேல் தேவை. அதே ஒட்சிசன் காற்றாகப் போனால்? சுமார் 13 கன மீற்றர் காற்று, ஒரு சின்ன அறைக்குள் அடங்குவது. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள மண்ணுக்குக் காற்றைக் கொடுப்பதே புத்தியான வழி.

செய்முறை: செம்பாட்டில் கல் தட்டுப்படும் ஆழம் வரை துளைபோட்டு, கீழ்ப்பாதியில் வெட்டுத்துவாரம் உள்ள பீவீசி குழாயை நிறுத்தி, துவாரப்பகுதியைச் சுற்றிச் சிறுகல் நிரப்பி, மேல்பகுதியைக் களியால் இறுக்கி அடைக்க வேண்டும். ஒரு சின்னப் புளோவரால் மெல்ல மெல்லக் காற்றை அனுப்புங்கள். பலமாக ஊதினால் ஆவி பக்கத்து வீட்டு நிலத்துக்கடியில் போய் அறைக்குள் ஏறும். வீடு கிட்ட இருந்தால் ஊதுவதைவிட உறிஞ்சி, வெளிவரும் காற்றைக் கரியால் வடிகட்டி விடுவது நல்லது. பெற்றோல் என்றால் உறிஞ்சும் முறையே சரி. அதற்குத் தீப்பொறி வராத கருவியும் அனுபவமுள்ளவரும் வேண்டும், நீங்களாகத் தொடங்காதீர்கள்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, மண்ணுக்குள்ளிருக்கும் காற்றின் ஒட்சிசனை அளக்க வேண்டும். வெளிக்காற்றில் அது 21 சதவீதம். தொடங்கமுன் மண்ணுக்குள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பற்றீரியா மூச்சுக்குத் திணறுகிறது, காற்றுக் கொடுத்தால் பலன் கிடைக்கும் என்று அர்த்தம். சில வாரம் காற்று விட்டபின் புளோவரை நிறுத்தி, சில மணிக்கு ஒருமுறை அளவு பாருங்கள். ஒட்சிசன் விறுவிறென்று இறங்கினால் கீழே தின்னும் வேலை நடக்கிறது. இறங்காமல் அப்படியே நின்றால் ஒன்றில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அல்லது மண் காய்ந்து பற்றீரியா சோர்ந்துவிட்டது. எது என்பதை மண் மாதிரி சொல்லும்.

மேல் ஓரடிக்குள் மட்டும் மாசு என்றால் புளோவரும் தேவையில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டி, ஈரம் காத்தால் போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. நன்றாக உக்கிய எருவைக் கொஞ்சம் கலக்கலாம்.

யூரியா போடாதீர்கள். பற்றீரியாவுக்கு நைதரசன் வேண்டும் என்று நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் வலிகாமத்து வெங்காயத் தோட்டங்களும் அடி திறந்த மலசலகூடக் குழிகளும் ஏற்கனவே எங்கள் நீரில் நைத்திரேற்றை ஏற்றிவைத்திருக்கின்றன. குடிநீருக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் பல. எண்ணெயைத் தீர்க்கப்போய்க் கைக்குழந்தையின் பால்மாத் தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சில மாதம் கூடப் பிடித்தாலும் பரவாயில்லை.

கழிவு ஒயிலும் உலை எண்ணெயும் டீசலைப்போல் இலகுவாகக் கரைந்துபோகாது. மாதக்கணக்கை விட்டு வருடக்கணக்கில் யோசியுங்கள்.

நீருக்குள் எதையும் ஊற்றுவதற்கு முன்

கற்றவர்களும் இங்கே தவறுவார்கள். ஐதரசன் பெரொட்சைட்டும் இரும்பும் சேர்த்து நிலத்துக்குள் செலுத்தி எண்ணெயை ஒட்சியேற்றும் முறை பல நாடுகளில் புகழ்பெற்றது. அது அமிலத் தன்மையில்தான் நன்றாக வேலைசெய்யும். எங்கள் கல் கல்சியம் காபனேற்று. அமிலத்தை அதுவே குடித்துவிடும், கரைந்த காபனேற்று மருந்தின் வீரியத்தையும் பறித்துவிடும். ஊரில் கொண்டிஸ் என்று சொல்லும் பொற்றாசியம் பரமங்கனேற்றுக்குப் பென்சீனில் பெரிதாகப் பிடிப்பில்லை. கிணற்றை ஊதாவாக்குவதுதான் மிச்சம். நீருக்கடியில் காற்றை ஊதும் முறையும் சீரான மணலுக்கு ஏற்றது. வெடிப்புக் கல்லில் காற்று ஒரே வழியால் தப்பி, மீதி இடம் அப்படியே கிடக்கும். இவற்றை யாராவது பரிந்துரைத்தால், எங்கள் கல்லையும் நீரையும் வைத்து ஆய்வுகூடத்தில் முதலில் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மாசின் ஊற்றுக்கண்ணை அடைத்து, மிதப்பதை எடுத்து, மேல்மண்ணுக்குக் காற்றும் கொடுத்தபின், நீரில் கரைந்திருக்கும் மிச்சத்தை இயற்கை தானே குறைக்கிறதா என்று கண்காணிப்பது முறையான ஒரு வழி. சும்மா இருப்பதற்கு இது மறுபெயர் ஆகிவிடக் கூடாது. மாசு குறைகிறது என்பதற்கு இலக்கம் இருக்க வேண்டும், அதுவரை மக்களுக்கு வேறு குடிநீரும் இருக்க வேண்டும்.

நைத்திரேற்றுக்கு, நீர் வரும் பாதையில் அகழி வெட்டி மரத்தூள் நிரப்பி, பற்றீரியாவால் அதை நைதரசன் வாயுவாக்கும் முறை உண்டு. ஆழமற்ற நீருக்கும் மணல் நிலத்துக்கும் அது நல்லது. வலிகாமத்துக் கல்லில் அகழி வெட்டுவதைவிட உரத்தைக் குறைத்து, மலசலகூடக் குழியின் அடியை அடைப்பதே முதல் வேலை.

குளமும் கண்டலும்

குளத்து வண்டலை அள்ளித் தோட்டத்துக்குப் போடுவது எங்கள் பழைய வழக்கம். எண்ணெய் இறங்கிய குளத்து வண்டலைச் சோதிக்காமல் போட வேண்டாம். கடனீரேரிக் கரையில் சேற்றில் எண்ணெய் படிந்தால், மேலே மிதப்பதை உறிஞ்சு பட்டையால் எடுத்துவிட்டு, சேற்றைக் கிண்டாமல் விடுங்கள். கண்டலின் மூச்சுவேருக்குள் நடந்து மிதித்தால் மேலே இருந்த எண்ணெய் வேரடிக்குப் போகும். மாசு ஆழத்தில் நிலைத்திருந்தால், அலை குறைந்த இடங்களில் மேலே சுத்தமான மணலைப் படையாகப் பரப்பி மூடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை.

எப்போது திறக்கலாம்

ஒரு நல்ல முடிவு வந்ததும் கிணற்றைத் திறக்கச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் படும் பாடும் நியாயமானது, பவுசருக்குக் குடத்தோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, தொடர்ந்து நாலு முடிவும் எல்லைக்குள் இருக்க வேண்டும். காற்றை நிறுத்திய பின்னரும் இரண்டு மழைக்காலம் கண்காணியுங்கள். பூசியிருந்தது திரும்ப மிதந்தால் அப்போதுதான் தெரியும். கடைசி மாதிரி, நீர்மட்டம் உச்சத்தில் நிற்கும் தை மாதத்து விடியலில் எடுத்ததாக இருக்கட்டும். போத்தலின் சீட்டில் கிணற்றின் இலக்கம், நாள், நேரம், விளிம்பிலிருந்து நீர்வரை அளவு நாலையும் பென்சிலால் எழுதுங்கள். ஐஸ் பெட்டியின் ஈரத்தில் பேனை மை கரைந்துவிடும்.